எடை இறங்காத வாரங்கள்

உறுவையாறு
மார்ச் 15, ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

வெண்ணிலா எழுதுகிறேன். நீயும் அண்ணியும் பாப்பாவும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியை எழுதக் கை வரவில்லை. அப்பா நேற்று அரை தோசை சாப்பிட்டார். வயிற்றில் மறுபடியும் நீர் சேர்ந்துவிட்டது. போன முறை ஊசி போட்டு எடுத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆகிறது.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். நம் வீட்டில் உன் போன் வந்தாலே ஸ்பீக்கரில் போட்டு நடுவீட்டில் வைத்துவிடுகிறார்கள். அப்பா கட்டிலிலிருந்து கேட்கிறார், அம்மா அடுப்படியிலிருந்து கேட்கிறாள். உன் பக்கத்தில் சுவேதா அண்ணி இருக்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் இரண்டு வரிக்கு மேல் போனதும் அழித்துவிடுகிறேன். அரியாங்குப்பத்து பாக்யராஜ் விடுப்பு முடிந்து செவ்வாய்க்கிழமை தோஹாவுக்குத் திரும்புகிறாராம். அவரிடம் இதை ஒட்டிக் கொடுக்கிறேன். தனியாக இருக்கும்போது படி. படித்த பிறகு வைத்திருக்க வேண்டாம்.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். ஜனவரியில் சென்னை மருத்துவமனையில், அப்பாவின் ஈரல் இனி மருந்தில் தேறாது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார்கள். இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்குப் பதிவு செய்திருக்கிறோம். அந்த வரிசை நீளம். வீட்டிலேயே ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் மே மாதத்துக்குள் முடித்துவிடலாம், அதற்கு மேல் தள்ளக் கூடாது என்றார் டாக்டர். அன்று நீ போனில், முதலில் வெண்ணிலாவுக்குப் பாருங்கள், அவளுக்குச் சேரவில்லை என்றால் நான் லீவு கேட்கிறேன் என்றாய். எனக்குச் சேர்ந்தது. ஆனால் என் ஈரலிலும் கொழுப்பு இருந்தது. நூற்றில் இருபத்திரண்டு பங்கு. பத்துக்குக் கீழே வந்தால்தான் வெட்டி எடுக்க முடியுமாம். எழுபத்தாறு கிலோ இருக்கிறாய், எழுபதுக்கு இறங்கு, தினமும் நட, எண்ணெயையும் சோற்றையும் குறை, ஏப்ரல் ஆறாம் தேதி வா, மறுபடி ஸ்கேன் பார்க்கிறேன் என்றார்.

இன்னொன்றும் சொன்னார். உன் அப்பாவுக்கும் இந்த வயதில் இப்படித்தான் தொடங்கியிருக்கும் என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். புதுச்சேரிக்காரர் என்று தெரிந்ததும் எத்தனை வருடமாகக் குடிக்கிறார் என்று அங்கே முதல் நாளே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சாராயக்கடை வாசலை மிதிக்காத மனிதர், மூன்று பேரிடமும் தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்றார். கொழுப்பால் வந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தபோது அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூடத் தெரிந்தது.

பொங்கலுக்கு அடுத்த வாரம் நடக்கத் தொடங்கினேன். காலையில் ஒரு மணி நேரம், கல்லூரி நூலக வேலையிலிருந்து திரும்பியதும் அரை மணி நேரம். இதைவிடச் சுலபமான வைத்தியம் உண்டா என்று நினைத்தேன். நம் ஊரில் ஒரு பெண் காரணமில்லாமல் நடக்க முடியாது என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. மங்கலம் ரோட்டில் ஏறுவதற்குள் ஏழு பேர் எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். சும்மாதான் என்றால் நம்பவில்லை. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டேனோ என்று ஒருவர் அம்மாவுக்குப் போன் செய்தார். வண்டியில் வருகிறவர்கள் நிறுத்தி நிறுத்தி ஏற்றிக்கொள்ளப் பார்த்தார்கள். வேண்டாம் என்றால் வருத்தப்பட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து கையில் பால் கேனை எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. காலிக் கேனோடு வாய்க்கால் கரை வரை போய், காலிக் கேனோடு திரும்பி வருகிறேன்.

நம் வயலில் நடவுக்கு வந்த காசம்மாள் மட்டும் ஏமாறவில்லை. வரப்பில் நிமிர்ந்து நின்று, “ஏம் பாப்பா, சும்மா நடக்கறதுக்கு எங்ககூட சேத்துல எறங்கேன். கூலியும் வரும், ஒடம்பும் எறங்கும்” என்றாள். நடவுப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்த இரண்டு மாதத்தில் நான் சிரித்தது அன்று ஒருநாள்தான் என்று நினைக்கிறேன்.

எடை பார்ப்பதுதான் பெரிய பாடாகிவிட்டது. மருத்துவமனையில் உணவு ஆலோசனை சொல்லும் பெண், வாரம் ஒரே நாளில், ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில், ஒரே தராசில் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். காலை ஆறரைக்குத் திறந்திருக்கும் தராசு நம் ஊரில் நடேசன் மாமாவின் உரக்கடையில்தான் இருக்கிறது. மூட்டை நிறுக்கும் தராசு. சிவப்பு எண்கள் வெளி பெஞ்சில் டீ குடிக்கிறவர்களுக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காக மாமா, யூரியா மூட்டைக்குச் சொல்வதுபோலவே உரக்கச் சொல்லுவார். யாரும் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நான் பொத்தி வைத்திருந்த ஒரு விஷயம் சனிக்கிழமைதோறும் பத்து மணிக்குள் தெருவெல்லாம் தெரிந்துவிடும்.

முதல் நாள் எழுபத்தாறு புள்ளி நாலு. ஒரு வாரம் நடந்த பிறகு எழுபத்தேழு புள்ளி ஒன்று. அடுத்த வாரம் எழுபத்தேழரை. அதற்கடுத்த வாரம் எழுபத்தெட்டைத் தொட்டது.

தராசு சரியில்லை என்று மாமாவே ஐம்பது கிலோ மூட்டையை வைத்துப் பார்த்தார். சரியாக ஐம்பது காட்டியது. நான் கூசிப்போய் சென்னைக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். பழகாத உடம்பு திடீரென்று உழைக்கும்போது தசைகளில் நுண்ணிய காயம் உண்டாகும், அதை ஆற்றத் தசை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் முதல் இரண்டு மூன்று வாரம் எடை ஏறுவது பலருக்கும் நடப்பதுதான், நடையை நிறுத்தாதே, நாலாவது வாரத்திலிருந்து இறங்கும் என்றாள். எனக்கு உயிர் வந்தது. அப்பாவுக்கும் அந்த வாரம் எடை ஏறியிருந்தது. அவருடைய தோளும் கையும் குச்சியாகிவிட்டன, வயிறு மட்டும் கனக்கிறது. அவருக்கு வயிற்றில் தண்ணீர், எனக்குத் தொடையில் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இந்த விளக்கத்தை யாரிடம் போய்ச் சொல்வது? மாசி பிறந்ததும் ஏம்பலத்திலிருந்து வள்ளியம்மாள் அத்தை தன் தம்பியை, நம் அப்பாவைப் பார்க்க வந்தார். வழியிலேயே யாரோ என் எடையைச் சொல்லியிருக்கிறார்கள். அத்தைக்கும் அப்பாவின் ரத்த வகைதான். வயதும் சர்க்கரையும் இல்லாவிட்டால் தானே கொடுத்திருப்பேன் என்று வந்த நாள் முழுக்க அழுதார். பொய் சொல்லவில்லை, கொடுத்திருப்பார். அந்த ஆற்றாமையோடு அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் சொன்னார், என்னைப் பார்க்கவில்லை. “குடுக்கணும்னு மனசு இருந்தா ஒடம்பு எறங்கும் தையலு. உள்ள இன்னா வெச்சிருக்காளோ, அதான தராசுல தெரியுது.”

அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கவில்லை என்று மூச்சிலிருந்தே தெரிந்தது. அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எனக்காக ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அன்றிலிருந்து நடையைக் கூட்டினேன். காலையில் ஒன்றரை மணி நேரம். நான் படித்த புத்தகங்களில் உயிரைக் கொடுக்க முன்வருகிறவர்கள் அரைப் பக்கத்தில் முடிவெடுத்துவிடுகிறார்கள். அவர்களை யாரும் வாராவாரம் நிறுத்துப் பார்ப்பதில்லை. எனக்குப் பயம் இருக்கிறது அண்ணா. மருத்துவமனையில் என் வயதுப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன், அவள் அண்ணனுக்குக் கொடுத்தவள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு இறுக்கிக்கொள்கிறாள். நெஞ்சுக்குக் கீழே தொடங்கும் தையலைச் சேலையை விலக்கிக் காட்டினாள். எடுத்தது சில மாதத்தில் வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதை நம்புகிறேன். நம்பிக்கொண்டே பயப்படவும் முடிகிறது.

நாலாவது வாரமும் இறங்கவில்லை. ஐந்தாவது வாரம் எழுபத்தெட்டு புள்ளி இரண்டு. சென்னைப் பெண்ணின் குரலில் இப்போது பொறுமை குறைந்திருந்தது. என்ன சாப்பிடுகிறாய், ஒன்று விடாமல் எழுதி அனுப்பு என்றாள். எழுதினேன். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் ஒரு கப் சோறும் கூட்டும், சாயங்காலம் மோர், இரவு இரண்டு இட்லி. இதற்கு ஏற வாய்ப்பே இல்லையே என்றாள். நான் மறைக்கிறேன் என்று அவளும் நினைத்திருப்பாள்.

பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதி கல்லூரியில் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்பே நடந்துவிட்டுப் பின்பக்கமாக வீட்டுக்குள் வந்தேன். அம்மா அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கூழ்ச் சட்டியில் நெய்யை ஊற்றிக் கிளறிக்கொண்டிருந்தாள். ஒரு கரண்டி ஊற்றி, மினுமினுப்பு மறையும் வரை கிளறி, மறுபடி ஒரு கரண்டி. பக்கத்தில் அம்மியில் வறுத்த வேர்க்கடலை மாவாக அரைபட்டிருந்தது. அது மதியக் கூட்டுக்கு.

நம் பசுவின் நெய் மாசியில் ஜாடி நிறைய இருக்கும், உனக்குக் கொடுத்தனுப்பவே அம்மா சேர்த்து வைப்பாள் என்று உனக்குத் தெரியும். இந்த முறை பாக்யராஜிடம் முறுக்கும் எள்ளுருண்டையும்தான் வரும். நெய் எங்கே என்று நீ கேட்டால் மாடு சரியாகக் கறக்கவில்லை என்று அம்மா சொல்லுவாள். மாடு நன்றாகத்தான் கறக்கிறது.

எத்தனை நாளாக என்று கேட்டேன். முதலில், வெறும் கூழ் தொண்டையில் இறங்குமா, நடந்து நடந்து முகம் எப்படிக் கறுத்துப்போச்சு பார் என்றாள். கரண்டியைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடி கழுவினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

“ஒடம்பு எறங்கலன்னா அவங்களே வாணாம்னு சொல்லிடுவாங்கல்லடி. நாம சொன்ன மாதிரி இருக்காது.”

அவ்வளவுதான் அண்ணா. முப்பத்திரண்டு வருடம் அப்பாவோடு குடும்பம் நடத்தியவள். அவருக்கு மூன்று வேளை மாத்திரையும், உப்பில்லாத சோறும், கால் வீக்கத்துக்கு ஒத்தடமும் தவறியதில்லை. அவர் குளியலறையில் தடுமாறுவாரோ என்று கதவுக்கு வெளியே நிற்கிறவள். அவரை வேண்டாம் என்று அவள் நினைக்கவில்லை. என்னைக் கத்திக்குக் கொடுக்கவும் அவளால் முடியவில்லை. வாயைத் திறந்து எதையும் சொல்ல முடியாமல் நெய்யை ஊற்றியிருக்கிறாள்.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், இதை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். அந்தக் கூழ் மூன்றாவது வாரத்திலிருந்தே வேறு மாதிரி இருந்தது. கூட்டு தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனது. இருபத்தேழு வருடம் அம்மா கையால் சாப்பிட்ட நாக்குக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. பசியில் எல்லாம் ருசிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருநாள்கூட இதில் என்ன போட்டாய் என்று கேட்கவில்லை. அத்தை சொன்னபோது எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்று இப்போது புரிகிறது.

அன்றைக்குக் கூழைக் குடிக்காமல் கல்லூரிக்குப் போனேன். மறுநாளிலிருந்து எனக்கு நானே சமைத்துக்கொள்கிறேன். அம்மா தடுக்கவில்லை. நான் அடுப்பைப் பற்றவைத்ததும் எழுந்து மாட்டுத்தொழுவத்துக்குப் போய்விடுகிறாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. அத்தையிடமும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. அப்பாவுக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் ஷூ மாட்டும்போது, பனி பெய்கிறது, இன்றைக்கு வேண்டாமே என்பார். வெயில் வந்துவிட்டது, இன்றைக்கு வேண்டாமே என்பார். கொடு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்போது எடை இறங்குகிறது. நேற்று எழுபத்தைந்து புள்ளி ஆறு. சுடிதார் இடுப்பில் தளர்ந்துவிட்டது, வாய்க்கால் கரை வரை மூச்சு வாங்காமல் போகிறேன். தராசைவிட ஸ்கேன்தான் முக்கியம், கொழுப்பு எடைக்கு முன்பே கரைந்திருக்கலாம் என்கிறாள் சென்னைப் பெண். அதனால் மனம் தளராமல் இருக்கிறேன். ஆனால் எழுபதுக்கு இன்னும் தூரம் இருக்கிறது, நாள் இருபத்திரண்டுதான் இருக்கிறது. நெய்யில் பல வாரம் போய்விட்டது. ஸ்கேனில் பத்துக்குக் கீழே வராவிட்டால் இன்னும் ஒரு மாதம் தள்ளுவார்கள். அப்பாவுக்கு அந்த ஒரு மாதம் இருக்கிறதா என்று யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

நேற்று எனக்குப் பிறகு அம்மாவையும் தராசில் ஏறச் சொன்னேன். வேண்டாம் வேண்டாம் என்றவள், நடேசன் மாமா கேலி செய்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். நாற்பத்தாறு. ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது வில்லியனூர் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஐம்பத்துநாலு என்று எழுதியிருக்கிறது, நான் வீட்டுக்கு வந்ததும் தேடி எடுத்துப் பார்த்தேன். அவள் எங்கேயும் நடக்கப் போகவில்லை. மாமா அந்த எண்ணை மட்டும் உரக்கச் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. ஜனவரியில் சென்னையில் விண்ணப்பம் நிரப்பும்போது, கொடுக்கக்கூடியவர் பெயருக்கு இரண்டு வரி இருந்தது. முதல் வரியில் என் பெயரை எழுதிவிட்டு, குடும்பத்தில் இதே ரத்த வகையில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று படிவம் எழுதிய மருத்துவமனைப் பெண் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா இல்லை என்றாள். சட்டென்று, யோசிக்காமல் சொன்னாள். உன் பத்தாம் வகுப்பு அடையாள அட்டையை இன்னும் அவள் பீரோவில் வைத்திருக்கிறாள். அதில் ரத்த வகைக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று உனக்கும் தெரியும். நான் திருத்தவில்லை. அம்மா என் பக்கம் திரும்பவும் இல்லை. இரண்டாவது வரியில் ஒரு கோடு போட்டுவிட்டார்கள்.

இதைக் குறையாக எழுதவில்லை. உனக்குப் பாப்பா இருக்கிறாள், அங்கே லீவு கேட்பது எப்படி என்று உனக்குத்தான் தெரியும். ஆறாம் தேதி நான் எப்படியும் போகிறேன். ஸ்கேன் நன்றாக வந்தால் மே மாதத்தில் படுத்துக்கொள்வேன். இந்த முறை என் வாயால் சம்மதம் என்று சொல்லி, பயத்தோடுதான் படுத்துக்கொள்வேன். நன்றாக வராவிட்டால், அந்த அறையில் டாக்டர் எங்களைப் பார்த்து அடுத்தது யார் என்று கேட்பார். அம்மா மறுபடியும் இல்லை என்று சொல்லுவாள். அவள் இன்னொரு முறை அதைச் சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டு உட்கார முடியாது.

அண்ணிக்கு என் அன்பு. பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதாமே, அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்று பேரும் ஒரு நோயும் அண்டாமல் நூறு வயது இருக்க வேண்டும். கிடைத்தது என்று போன் செய்யாதே. செய்தால் ஸ்பீக்கரில் போடுவார்கள். வருவதாக இருந்தால் டிக்கெட் எடுத்துவிட்டேன் என்றும் சொல்லாதே. சொன்னால் அன்றைக்கே அம்மா உனக்குப் போன் போட்டு, இங்கே எல்லாம் நல்லபடியாக இருக்கிறது, அலையாதே என்பாள். நீயும் நம்பிவிடுவாய்.

சொல்லாமல் வா அண்ணா.

உன் தங்கை,
வெண்ணிலா